செய்தியாகாத நோயாளர்கள்

1954 சனவரியில், ஆண்டில் ஒரு ஞாயிறாவது உலகம் தொழுநோயாளரை நினைக்கட்டும் என்று, பிரான்சு நாட்டு எழுத்தாளர் ரவுல் ஃபொலெரோ உலகத் தொழுநோய் நாளைத் தொடங்கினார். அதே ஆண்டு அமெரிக்க, சோவியத் தலைவர்களிடம் ஆளுக்கொரு குண்டுவீச்சு விமானத்தின் விலையை இவர்களது மருத்துவத்திற்காகக் கேட்டார். கிடைக்கவில்லை.

2005 இறுதியில் இந்தியாவில் இந்நோயாளர் எண்ணிக்கை 10,000 பேருக்கு ஒருவருக்கும் கீழே குறைந்தது. 'ஒழிந்தது' என்று செய்தி வந்தது. அத்தோடு கவனமும் குறைந்தது. ஆனால் 2023இல் உலகில் புதிதாகக் கண்டறியப்பட்ட 1,80,000க்கும் அதிகமானோரில் பாதிக்கு மேல் இந்தியர்.

கூட்டு மருந்து 6 அல்லது 12 மாதங்களில் குணமாக்கும். அரசு மருத்துவமனையில் இலவசம். தாமதமே ஊனத்தில் விடுகிறது. உணர்ச்சியற்ற தேமலை உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதை நாளேடுகள் சொல்லாவிட்டால், தொழுநோயாளரைக் கைநீட்டித் தொட்டவரைப் பின்செல்லும் நாமாவது நம் தெருவில் சொல்வோமா?