மாற்று மின்சாரம்: வாங்குமுன் ஒரு கணக்கு

மின்சாரம் தடைப்படுவது நமது மக்களுக்குப் புதியதன்று. 2022 மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் வரை மின்வெட்டு நீடித்தது. 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி பாணந்துறை உப மின்நிலையத்தில் ஏற்பட்ட கோளாறினால் நாடு முழுவதும் மின்சாரம் அற்றுப்போனது. எனவே, வீட்டில் மாற்று ஏற்பாடொன்றை வைத்திருப்பதை ஆடம்பரம் என்று கூறிவிட முடியாது. எதைத் தெரிவு செய்வது என்பதே கேள்வி.

2022 இன் அனுபவம் ஒன்றை உணர்த்தியது. மின்சாரம் இல்லாதிருந்த அதே நாட்களிலேயே எரிபொருளுக்கும் மக்கள் வரிசையில் நின்றனர். எரிபொருளை மட்டும் நம்பிய மின்பிறப்பாக்கி, மிகவும் தேவைப்பட்ட வேளையில் மூலையில் முடங்கியது.

ஆகவே முதலில் தேவையைக் கணக்கிட வேண்டும். 9 வாற்று மின்குமிழ்கள் ஐந்து, 60 வாற்று மின்விசிறிகள் இரண்டு, ஒரு மடிக்கணினி, இணைய இணைப்புக் கருவி ஆகிய யாவும் சேர்ந்து ஏறத்தாழ 240 வாற்றையே வேண்டுகின்றன. இரண்டு மணிநேரத்துக்கு 480 வாற்று மணி. 12 வோல்ட், 100 அம்பியர் மணி கொண்ட ஈய அமிலப் பற்றரியின் பாதிக் கொள்ளளவே இதற்கு ஏறக்குறையப் போதுமானது. இன்வேர்ட்டருடன் இணைந்த பற்றரி புகை கக்குவதில்லை. பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளையையும் அயலவரின் உறக்கத்தையும் குழப்புவதில்லை. லிதியம் பற்றரியின் விலை அதிகமாயினும் ஆயுள் நீண்டது.

ஒன்றை மறத்தலாகாது. கூரையில் சூரியத் தகடு இருந்தால் மின்வெட்டிலும் வெளிச்சம் கிடைக்கும் எனப் பலர் எண்ணுகின்றனர். பொது மின்வழங்கலுடன் மட்டும் இணைந்த தொகுதி, வழங்கல் நின்றதும் பாதுகாப்புக் கருதித் தானும் நின்றுவிடும். பற்றரியும் அதற்கேற்ற இன்வேர்ட்டரும் இருந்தால் மாத்திரமே அது கைகொடுக்கும்.

நீர்ப்பம்பி, குளிர்சாதனப்பெட்டி போன்றவற்றை நீண்டநேரம் இயக்க வேண்டியோருக்கு மின்பிறப்பாக்கி அவசியமாகலாம். மோட்டார் பூட்டிய சாதனங்கள் தொடங்கும்போது வழமையைவிடப் பன்மடங்கு மின்னை இழுப்பதால் அதற்கும் இடம்விட்டுத் தெரிவு செய்தல் வேண்டும். சாதாரண வகை, சுமை குறைவாயினும் ஒரே வேகத்தில் சுழன்று எரிபொருளை விழுங்கும். இன்வேர்ட்டர் வகையோ சுமைக்கேற்ப வேகத்தைத் தணித்து, எரிபொருளையும் இரைச்சலையும் குறைக்கும். இரைச்சல் அளவுகளை ஒப்பிடுகையில், 10 டெசிபெல் கூடினால் காதுக்கு ஏறத்தாழ இருமடங்காக ஒலிக்கும் என்பதை நினைவிற் கொள்க.

எல்லாவற்றுக்கும் மேலானது உயிர்ப் பாதுகாப்பு. மின்பிறப்பாக்கியின் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமோ மணமோ அற்ற நஞ்சு. வீட்டினுள்ளோ விறாந்தையிலோ யன்னலோரத்திலோ அதனை ஒருபோதும் இயக்கலாகாது. சுவர்ச் செருகி வழியாக வீட்டு மின்னிணைப்புக்குள் அதன் மின்னைச் செலுத்துவது, வீதியில் கம்பி திருத்தும் ஊழியரின் உயிரைப் பறிக்கக்கூடும். தகுதிபெற்ற மின்னியலாளரைக் கொண்டு மாற்று ஆளி பொருத்துவதே முறை.

பெரிய இயந்திரத்தை வாங்குவதால் மட்டும் இருள் அகன்றுவிடாது. தேவையை அறிந்து, அளவோடு தெரிவு செய்யும் குடும்பமே பணத்தையும் அமைதியையும் ஒருங்கே காத்துக்கொள்ளும்.