ஓடினது பாட்டு இல்லை, என் கைதான்!



எங்கள் தெருப் பெருமாள் கோயிலில் சனிக்கிழமை தோறும் சாயங்காலம் பஜனை நடக்கும். கச்சேரி மாதிரி இன்னார்தான் பாட வேண்டும் என்று கிடையாது. ஜமக்காளத்தில் வந்து உட்கார்ந்தவர் யார் வேண்டுமானாலும் ஒரு பாட்டை எடுக்கலாம். மற்றவர்கள் கூடவே பாடுவோம். ஆர்மோனியப் பெட்டி ஒன்று, ஜால்ரா நாலைந்து ஜோடி, ஒரு டோலக். வாசிக்கத் தெரிந்தவர்கள் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம் என்பார்கள். ஆனால் பெண்கள் கைக்கு வருவது எப்போதும் ஜால்ராதான்!

டோலக் வாசித்த அண்ணன் மகன் வீட்டோடு போய்விட்டார். போகும்போது டோலக்கையும் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு மாதம் வெறும் ஜால்ராவை வைத்தே ஓட்டினோம். உப்பில்லாத குழம்பு மாதிரி இருந்தது.

என் அப்பா டோலக் வாசிப்பார். சின்ன வயசில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து டிபன் டப்பாவில் தட்டிக்கொண்டே இருப்பேன். டோலக்கைத் தொட விடமாட்டார். அவர் போனபிறகு அது அண்ணன் வீட்டுப் பரணில் கிடந்தது. "பழைய சாமான்காரனுக்குப் போடப் போறேன், வேணும்னா எடுத்துக்க" என்று மதினி சொன்னதும், பஸ்ஸில் மடியில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டேன்.

என் அத்தைக்கு (மாமியார்) பிடிக்கவில்லை. "கோயில்ல நாலு ஆம்பளைங்க முன்னாடி மத்தளத்தை வச்சுக்கிட்டு உக்காரப் போறியா?" என்றார். என் வீட்டுக்காரர் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

புதுக்கோட்டைப் பக்கம் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள், 1910-இல் பிறந்தவர், அந்தக் காலத்திலேயே மிருதங்கம் வாசித்து மேடை ஏறியிருக்கிறார். சுகன்யா ராம்கோபால் கடம் வாசிக்கிறார். இதையெல்லாம் அத்தையிடம் எடுத்துச் சொன்னேன். "அவங்க குருகிட்ட கத்துக்கிட்டு வாசிச்சாங்க. நீ?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

டோலக்கின் வலது பக்கம் சின்னது, கணீரென்று பேசும். இடது பக்கம் பெரியது. தோலின் உள்பக்கம் மசாலா என்று ஒரு பூச்சு பூசியிருப்பதால் கும்மென்று கேட்கும். மிருதங்கத்துக்கு வாசிக்கும்முன் இடது பக்கம் ரவை பிசைந்து ஒட்டுவார்கள். இதில் அந்த வேலை இல்லை. கயிற்றில் கோத்திருக்கும் வளையத்தை நகர்த்தினால் தோல் இறுகும். மழை நாளில் மட்டும் தோல் நமுத்த அப்பளம் மாதிரி ஆகிவிடும். கொஞ்ச நேரம் இளவெயில் காட்ட வேண்டும். மத்தியானம் பாத்திரம் கழுவி முடித்ததும் ஒரு மணி நேரம் தட்டிப் பழகினேன்.

கோயிலில் முதல் நாள் கை நடுங்கியது. மூன்றாவது வாரம் நடுக்கம் போய்விட்டது. எல்லோரும் கைதட்டிப் பாட, நானும் குஷியாகி அடி அடியென்று அடித்தேன். "அப்பா கை அப்படியே இருக்கு" என்று ஒருவர் சொல்ல, தலைகால் புரியவில்லை! இதில் ஒருநாள் பக்கத்துத் தெரு அக்கா மிஸ்ர சாப்பில் ஒரு பாட்டை எடுத்தார். "தகிட தகதிமி" என்று ஏழு எண்ணிக்கை. நான் பாட்டுக்கு நாலு நாலாகத் தட்டிக்கொண்டு போக, பாட்டு ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அந்த அக்கா பாதியில் நிறுத்திச் சிரித்துவிட்டார். அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்றை நான் கவனிக்கவே இல்லை. வாரம் தவறாமல் ஒரு பாட்டு எடுக்கும் அத்தை, நான் வாசிக்க ஆரம்பித்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. கோபத்தில் இருக்கிறார் என்று நானும் வீம்பாக இருந்துவிட்டேன். ஒருநாள் பொறுக்காமல் கேட்டேவிட்டேன்.

"மூச்சு வாங்க விடாம நீ அடிச்சா, நான் எங்கிட்டுப் பாட?" என்றார்.

அத்தைக்கு வீசிங் உண்டு. அடுத்த வாரம் செல்போனில் பதிவு செய்து கேட்டேன். நடக்கிற வேகத்தில் ஆரம்பித்த பாட்டு, முடியும்போது பஸ் பிடிக்க ஓடுகிற மாதிரி இருந்தது. கூட்டம் சத்தமாகப் பாடப் பாட எனக்கு உற்சாகம், கை ஓடுகிறது. டோலக் ஓடினால் ஜால்ராவும் ஓடும், ஜால்ரா ஓடினால் பாடுகிறவர்கள் என்ன செய்வார்கள்? வயசானவர்கள் ஒவ்வொருவராக வாயை மூடிக்கொள்வது பதிவில் நன்றாகவே தெரிந்தது.

அதிலிருந்து சுவர்க் கடிகாரம்தான் எனக்கு வாத்தியார். ஒரு டிக்குக்கு ஓர் அடி, அதற்குமேல் கிடையாது. கேட்பதற்கு சுலபம், செய்து பாருங்கள்! பத்து நிமிஷத்தில் கை நம்மை மீறி முந்தும். வாயால் எண்ணிக்கொண்டே தட்டினால் கொஞ்சம் அடங்கும். ஒன்றரை மாதம் ஆயிற்று.

போன புரட்டாசி சனிக்கிழமை, யாரும் கேட்காமலே அத்தை பாட்டு எடுத்தார். நான் இடது பக்கம் மட்டும், எண்ணிக்கை தொடங்கும் இடத்தில் ஒரு தட்டு. அவர் மூச்சு இழுக்கும் இடத்தில் வெறுமனே காத்திருந்தேன். மூன்று சரணமும் பாடி முடித்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைக் கழற்றும்போதுதான் சொன்னார்: "இடது பக்கம் தொளதொளன்னு கேக்குது. அந்த வளையத்தை இழுத்து விடு."

- ஒரு வாசகி, மதுரை