நீல இன்ஹேலர் செய்வதும் செய்யாததும்

வீசிங்கால் திணறுகிறவர் நீல இன்ஹேலரை உறிஞ்சிய சில நிமிடங்களில் நெஞ்சு லேசாகிறது. அதிலுள்ள சால்பியூட்டமால் மூச்சுக்குழாயின் தசைச் செல்லுக்குள் நுழைய வேண்டிய அவசியமே இல்லை. வெளியே நின்றபடியே வேலையை முடித்துவிடுகிறது.

செல்லின் சவ்வை ஏழு முறை ஊடுருவி வளைந்து நிற்கும் புரதம் ஒன்று இருக்கிறது. பீட்டா-2 ஏற்பி என்று பெயர். அட்ரினலினை உணர்வதற்காக உடம்பு வைத்திருப்பது. அட்ரினலினின் சாயல் கொண்ட சால்பியூட்டமால் அதன் குழிவில் வந்து அமர்ந்ததும், ஏற்பியின் ஆறாவது சுருள் செல்லின் உட்பக்கத்தில் சுமார் 1.4 நானோமீட்டர் விலகுகிறது. எல்லாம் அந்தச் சிறு அசைவில்தான் இருக்கிறது. விலகிய இடத்தில் ஜி புரதம் பொருந்தி விழித்துக்கொள்கிறது; அது ஒரு நொதியை முடுக்க, அந்த நொதி சைக்ளிக் ஏஎம்பி மூலக்கூறுகளை ஏராளமாக உற்பத்தி செய்கிறது. சிறிய சேதி இப்படித்தான் பெருகுகிறது. முடிவில் செல்லுக்குள் கால்சியம் குறைந்து, இறுகிய தசை தளர்கிறது. இன்ஹேலரை உறிஞ்சியபின் கைநடுக்கம் வருவதும் இதே ஏற்பி எலும்புத் தசைகளிலும் இருப்பதால்தான்.

இப்படியொரு ஏற்பி இருக்க வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் ஜான் லாங்லி 1905இல் ஊகித்தார். கண்ணால் பார்க்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று. ஏற்பியும் ஜி புரதமும் கைகோத்து நிற்கும் படத்தை பிரையன் கோபில்கா குழு 2011இல் வெளியிட்டது. மறு ஆண்டே அவருக்கும் ராபர்ட் லெஃப்கோவிட்சுக்கும் வேதியியல் நோபல். ஒரு கருத்து நிரூபணமாக இவ்வளவு காலம் பொறுமையாக உழைத்தவர்களை நினைத்தால் மரியாதை கூடுகிறது.

குழிவில் அமர்ந்தும் ஏற்பியை எழுப்பாத மருந்துகளும் உண்டு. புரோப்ரனலால் அப்படிப்பட்டது. இடத்தை அடைத்துக்கொள்ளும், சேதி போகாது. இதயத்துக்கு நல்லது செய்யும் அதே மாத்திரை ஆஸ்துமாக்காரருக்கு மூச்சை இறுக்கிவிடலாம். எந்த மருத்துவரிடம் போனாலும் ஆஸ்துமா இருப்பதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

ஏற்பி ஓயாமல் தூண்டப்படுவதைச் செல் விரும்புவதில்லை. அரெஸ்டின் என்ற புரதம் வந்து ஒட்டிச் சேதியை நிறுத்துகிறது. ஏற்பி உள்ளே இழுக்கப்படுகிறது. நீல இன்ஹேலரையே நாள்தோறும் நம்பியிருந்தால் ஏற்பிகளின் எண்ணிக்கை குறைகிறது. அதைவிடப் பெரிய ஆபத்து, மூச்சுக்குழாயின் அழற்சி அப்படியே எரிந்துகொண்டிருப்பது. அதைத் தணிப்பது ஸ்டீராய்டு இன்ஹேலர்.

அதன் வழியே வேறு. ஸ்டீராய்டு செல்லுக்குள் நுழைந்து, அங்குள்ள தன் ஏற்பியோடு சேர்ந்து உட்கருவுக்குப் போய், மரபணுக்களின் வேலையை மாற்றுகிறது. பீட்டா-2 ஏற்பிகள் கூடுதலாக உருவாகவும் செய்கிறது. இதற்கு மணிக்கணக்கில், நாள்கணக்கில் நேரம் பிடிக்கும். உறிஞ்சியவுடன் ஒன்றும் தெரியாததால், ‘இது வேலை செய்யவில்லை’ என்று பலர் நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டீராய்டு என்ற பெயரே சிலரைப் பயமுறுத்துகிறது. உறிஞ்சும் அளவோ மாத்திரையில் கொடுப்பதைவிட மிகக் குறைவு. அதன் விளைவும் பெரும்பாலும் நுரையீரலோடு நிற்பது.

பெரியவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்கும் நீல இன்ஹேலரை மட்டும் தரக் கூடாது என்று ஆஸ்துமாவுக்கான சர்வதேச வழிகாட்டு அமைப்பான ஜினா 2019இல் அறிவித்தது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் அது தேவைப்படுகிறது என்றால், ஆஸ்துமா கட்டுக்குள் இல்லை என்று பொருள்.