இணைய வங்கியும் எங்கள் ஊர் மக்களும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

வங்கிக்குப் போகாமலேயே வங்கி வேலையை முடித்துக்கொள்ளும் வசதியை இணைய வங்கிச் சேவை என்கிறோம். கணக்கில் உள்ள இருப்பைப் பார்ப்பது, பிறர் கணக்கிற்குப் பணம் அனுப்புவது, மின் கட்டணம் கட்டுவது ஆகிய யாவும் இதில் அடங்கும். இச்சேவைக்கான நெறிமுறைகளை இந்திய ரிசர்வ் வங்கி 2001-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் வெளியிட்டது. அதாவது, இன்று கல்லூரியில் பயிலும் நாம் பிறப்பதற்கு முன்பே இது நாட்டிற்கு வந்துவிட்டது. ஆயினும் பத்து ஆண்டுகளுக்கு முன்பு, திருவட்டாற்றில் நாங்கள் குடியிருக்கும் தெருவில் இதைப் பயன்படுத்தியவர் ஒருவர்கூட இல்லை. இன்றோ, தேநீர்க் கடையிலும் மீன் விற்கும் அம்மையின் கூடையிலும் கியூ.ஆர். அட்டை தொங்குகிறது. தயங்கியவர்கள் ஏன் தயங்கினார்கள்? ஏற்றுக்கொண்டவர்கள் எதைக் கண்டு ஏற்றுக்கொண்டார்கள்? இன்னமும் ஒதுங்கி நிற்பவர்கள் யாவர்?

இவ்வினாக்களுக்கு நூல்களில் விடை உண்டு. அமெரிக்க அறிஞர் எவரெட் ரோஜர்ஸ் 1962-இல் வெளியிட்ட நூலில், ஒரு புதுமை மக்களிடையே பரவுவதற்கு ஐந்து பண்புகளைக் கூறினார். பழையதைவிட அதில் நன்மை இருக்க வேண்டும். நம் வாழ்க்கை முறைக்கு ஒத்துவர வேண்டும். சிக்கல் குறைவாக இருக்க வேண்டும். சிறிதளவு செய்து பார்க்க இயல வேண்டும். அடுத்தவர் அதைப் பயன்படுத்துவதைக் கண்ணால் காண வேண்டும். 1989-இல் ஃப்ரெட் டேவிஸ் என்பவர் கணிப்பொறிப் பயன்பாட்டை ஆராய்ந்து, 'இது பயன் தரும்', 'இது எளிது' என்னும் இரண்டு எண்ணங்களே ஒருவரை இழுக்கின்றன என்றார். கருத்து சரிதான். ஆனால் எங்கள் ஊரை வைத்துப் பார்க்கும்போது இவற்றுள் அடங்காத இன்னொன்று முன்னே வந்து நிற்கிறது. பணம் நடுவழியில் நின்றுவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்பதே அது.

முதலில் பயனைப் பார்ப்போம். என் தந்தை ரப்பர் பால் வெட்டும் தொழிலாளி. விடியுமுன் தோட்டத்திற்குப் போனால், பால் எடுத்து உறையவைத்து ஷீட் அடித்து முடிப்பதற்குள் நண்பகல் ஆகிவிடும். வங்கிக்குப் போக வேண்டுமென்றால் அன்றைய வேலை பாதியாகும். வளைகுடா நாடுகளில் வேலை பார்ப்போர் வீட்டுக்கு வீடு உள்ள பகுதி இது. அவர்கள் அனுப்பும் பணம் வந்ததா என்று பார்க்க மட்டுமே பேருந்து ஏறி மார்த்தாண்டம் வரை போய்வந்த காலமும் உண்டு. ஆகவே, வீட்டிலிருந்தே வங்கி வேலை நடந்தால் நல்லது என்பதை இங்கு யாரும் மறுத்ததில்லை. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் முறையும், 2020 டிசம்பர் 14 முதல் ஆர்.டி.ஜி.எஸ். முறையும் இரவு பகல் எந்நேரமும் இயங்கத் தொடங்கியபின், விடுமுறை நாள் என்னும் தடையும் நீங்கியது.

பயன் தெரிந்தும் மக்கள் வராததற்குக் காரணம் எளிமையின்மை எனலாம். பழைய இணைய வங்கி முறையில் ஒருவருக்குப் பணம் அனுப்ப வேண்டுமானால், பயனர் பெயர் ஒன்று, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் எண்ணும் குறியும் கலந்த கடவுச்சொல் ஒன்று, பெறுபவரின் நீண்ட கணக்கு எண், அதன்மேல் 11 எழுத்துகள் கொண்ட ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு, பின்னர் கைபேசிக்கு வரும் ஓ.டி.பி. எண் என ஐந்து படிகளை ஏற வேண்டும். அத்தனையும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். கணக்கு எண்ணில் ஓர் இலக்கம் பிறழ்ந்தாலும், அந்த எண்ணில் வேறொருவர் கணக்கு இருந்தால் பணம் அவருக்குப் போய்விடும். யார் பெயரில் உள்ள கணக்கு என்று திரை காட்டாது. இக்குறையைப் போக்கும் பொருட்டு, நெஃப்ட், ஆர்.டி.ஜி.எஸ். முறைகளில் பெறுபவரின் பெயரைக் காட்டும் வசதியை 2025 ஏப்ரல் 1-க்குள் ஏற்படுத்துமாறு ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2001-இல் தொடங்கிய கதையில் இந்தச் சிறிய திருத்தம் வர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதை எண்ணிப் பாருங்கள்!

2016 ஏப்ரலில் அறிமுகமான யூ.பி.ஐ. முறை இந்தப் படிகளைக் குறைத்தது. கைபேசி எண் போதும். பெயர் திரையில் தெரியும். நான்கு அல்லது ஆறு இலக்க ரகசிய எண்ணை அழுத்தினால் வேலை முடிந்தது. அவ்வாண்டு நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதவை என்று அறிவிக்கப்பட்டபோது, ஏ.டி.எம். வாசலில் வரிசையில் நின்றவர்கள் பலர் வேறு வழியின்றி இதன் பக்கம் திரும்பினர். 2025 ஆகஸ்டில் நாடு முழுவதும் ஒரு மாதத்தில் நடந்த யூ.பி.ஐ. பரிமாற்றங்கள் முதன்முறையாக 2,000 கோடியைத் தாண்டின. ரோஜர்ஸ் கூறிய 'செய்து பார்த்தல்' இதில் எளிது. ஒரு ரூபாய் அனுப்பிப் பார்க்கலாம். 'கண்ணால் காணுதல்' என்பது இங்கே காதால் கேட்டலாயிற்று. கடையில் இருக்கும் சிறு பெட்டி, 'ஐம்பது ரூபாய் பெறப்பட்டது' என்று தமிழில் உரக்கச் சொல்கிறதே, எங்கள் ஊர்க் கடைக்காரர்களை மாற்றியதில் அந்தப் பெட்டிக்குப் பெரும் பங்கு உண்டு என்பது என் கருத்து. கைபேசியை எடுத்துப் பார்க்க வேண்டாம், எழுத்து வாசிக்க வேண்டாம். பணம் வந்ததற்குக் கடையில் நிற்கும் அனைவரும் சாட்சி.

ஆனால் ஒன்றைக் கவனித்தேன். பணத்தைப் பெறுவதற்குத் துணிந்தவர்கள் அனுப்புவதற்குத் துணியவில்லை. 2023 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மகளிர் உரிமைத் தொகைத் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கணக்கில் வரத் தொடங்கியபின், என் தாயார் குறுஞ்செய்தியில் அந்த எண்ணை மட்டும் அடையாளம் கண்டுகொள்ளப் பழகிவிட்டார். அனுப்பும் பேச்சை எடுத்தால், "அது வேண்டாம் மக்களே" என்று கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார். பெறுவதில் இழப்பு இல்லை, அனுப்புவதில் உண்டு. எங்கள் பாட்டா இதை வேறு விதமாகக் கேட்டார்: "வங்கியில போனா சீட்டுல முத்திரை அடிச்சுத் தருவாங்க. இதுல யாரு முத்திரை அடிப்பா?"

இந்த ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. 1956 நவம்பர் 1 அன்று தமிழகத்தோடு இணையும் வரை எங்கள் பகுதி திருவிதாங்கூர் நிலமாக இருந்தது. அந்தத் திருவிதாங்கூரில்தான், திருவிதாங்கூர் நேஷனல் வங்கியும் குயிலான் வங்கியும் 1937-இல் ஒன்றாகி, தென்னிந்தியாவின் பெரிய வங்கிகளுள் ஒன்றாக விளங்கி, மறு ஆண்டே 1938 ஜூனில் கதவை அடைத்தன. பின்னர் 1960-இல் கேரளத்துப் பாலை சென்ட்ரல் வங்கி வீழ்ந்தது. அதன் விளைவாகவே 1962 ஜனவரி 1 முதல் வைப்புத்தொகைக் காப்பீடு நாட்டில் நடைமுறைக்கு வந்தது. தொடக்கத்தில் ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை காப்பு. 2020 பிப்ரவரி 4 முதல் அது 5 லட்சம் ரூபாய். ஆக, வங்கி மூழ்கினால் கேட்பதற்கு ஓர் இடம் உண்டு என்று உறுதியான பிறகே சாதாரண மக்களின் நம்பிக்கைக்கு ஒரு பிடிமானம் கிடைத்தது. இணைய வங்கியில் அச்சம் வேறு. வங்கி நன்றாகத்தான் இருக்கும். நம் கணக்கிலிருந்து மட்டும் பணம் போய்விடும். அதற்கு என்ன காப்பு?

காப்பு இருக்கிறது. ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை இதைப் பற்றியது. வங்கியின் குறையாலன்றி, வாடிக்கையாளரின் குறையாலுமன்றி, மூன்றாம் நபரின் சூழ்ச்சியால் பணம் போயிருந்தால், வங்கியின் செய்தி கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் புகார் செய்பவருக்கு இழப்பு ஏதும் இல்லை என்று அது கூறிற்று. நான்கு முதல் ஏழு நாள்களுக்குள் தெரிவித்தால், சாதாரண சேமிப்புக் கணக்குக்கு அதிகபட்சப் பொறுப்பு 10,000 ரூபாய். தவறு வாடிக்கையாளருடையது என்று நிறுவும் சுமை வங்கியைச் சார்ந்தது. ஆனால் கடவுச்சொல்லையோ ரகசிய எண்ணையோ வாடிக்கையாளரே பிறரிடம் சொல்லியிருந்தால், புகார் செய்யும் வரையிலான இழப்பு அவரையே சேரும்.

இந்தக் கடைசி விதியில்தான் எங்கள் ஊரின் சிக்கல் இருக்கிறது. எங்கள் தெருவில் 'இணைய வங்கி வாடிக்கையாளர்' என்று வங்கிக் கணக்கில் பதிவாகியிருப்பவர்களுள் பாதிப் பேர் உண்மையில் அதைத் தொடுவதில்லை. வீட்டில் படிக்கிற பிள்ளைதான் அவர்களுக்கு வங்கி. நான்கு வீட்டு மின் கட்டணத்தை நான் கட்டுகிறேன். என் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் என்பதால் இந்தப் பதவி தானாகவே வந்து சேர்ந்தது! ரகசிய எண்ணை அவர்களையே அழுத்தச் சொல்லிவிட்டு நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதற்குள் நேரமாகித் திரை மறைந்துபோய், மறுபடி முதலிலிருந்து தொடங்குவதும் உண்டு. எல்லா வீட்டிலும் இப்படிச் செய்வதில்லை. எண்ணைச் சத்தமாகச் சொல்லிக் கொடுப்பதே வழக்கம். கண்ணாடி இல்லாமல் எழுத்து தெரியாதவர், ஆங்கிலம் வாசிக்க அறியாதவர் வேறென்ன செய்வார்? வசதியைப் பெறுவதற்காகக் காப்பை இழக்கிறார்கள். நகரத்தில் படித்தவருக்கு உள்ள காப்பு இவர்களுக்கு ஏட்டில் மட்டுமே.

தமிழில் மாற்றிக்கொள்ளலாமே என்று கேட்கலாம். மாற்றினேன். 'பயனாளியைச் சேர்' என்று வந்தது. பயனாளி என்றால் அரசு உதவி பெறுபவர் என்றே என் தாயார் அறிவார். "நமக்கு ஏற்கெனவே வருதே" என்றார்.

தடை செய்யும் இன்னொரு காரணம் மின் கட்டணத்தின்போது வந்தது. பக்கத்து வீட்டு மாமியின் கணக்கிலிருந்து 1,840 ரூபாய் கழிந்தது. மின் வாரியத்தில் வரவாகவில்லை. வங்கியில் கேட்டதற்குச் செயலியிடம் கேட்கச் சொன்னார்கள். செயலியின் எண்ணில் இயந்திரக் குரல் வங்கியைக் கேட்கச் சொன்னது. பணம் போன நாளை நீக்கி எண்ணினால் ஒன்பதாம் நாள் அது தானாகத் திரும்பி வந்தது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிப்படி, யூ.பி.ஐ. மூலம் ஒரு நிறுவனத்துக்குச் செலுத்திய பணம் இவ்வாறு தடைப்பட்டால், ஐந்து நாளுக்குள் திரும்பிவர வேண்டும். அதற்குமேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. மாமிக்குச் சேர வேண்டியது 400 ரூபாய். அந்த வங்கிக் கிளையின் சுவரில் வட்டி விகிதப் பலகை இருக்கிறது. இந்த விதி எழுதப்பட்டிருக்கவில்லை. பணம் முழுவதும் திரும்பிய பிறகும் மாமி இன்று வரை மின் அலுவலகத்திற்கு நேரில்தான் போகிறார். அவரை விரட்டியது பண இழப்பன்று. ஒன்பது நாள் பதில் சொல்ல ஆளில்லாமல் அலைந்ததே.

எழுத்து வேண்டாம், விரல் போதும் என்னும் முறையும் உண்டு. ஆதார் வழியாக, வங்கி முகவரிடமோ தபால்காரரிடமோ கட்டைவிரலை வைத்துப் பணம் எடுக்கலாம். என் தாயார் அண்டியாபீசில் முந்திரிக் கொட்டை உடைக்கிறார். ஓட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டுப்பட்டு விரல் நுனி வெந்து, ரேகை தேய்ந்துவிட்டது. கருவி மூன்று முறை மறுத்தபின் நான்காம் விரலை ஏற்றுக்கொண்ட நாளும் உண்டு, எந்த விரலையும் ஏற்காத நாளும் உண்டு. 2022 மார்ச்சில் சாதாரணக் கைபேசிக்கென வந்த யூ.பி.ஐ. 123பே முறையில் பேசியே பணம் அனுப்பலாம். 2025 அக்டோபரில் யூ.பி.ஐ.யில் முக அடையாளத்தைப் பயன்படுத்தும் முறையும் அறிமுகம் செய்யப்பட்டது. ரேகை தேய்ந்தவர்களுக்கு இவை பொருந்தும் என்று நினைக்கிறேன். ஆனால் இவற்றைக் கற்றுத்தர ஊருக்குள் வந்தவர் எவரும் இல்லை. ஏமாற்ற அழைப்பவர்கள் மட்டும் தவறாமல் அழைக்கிறார்கள், அதுவும் நல்ல தமிழில்.

அவ்வாறு யாரேனும் பணத்தை இழந்தால், உடனே வங்கிக்குத் தெரிவிப்பதோடு 1930 என்னும் எண்ணிலும் புகார் செய்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முப்பது நாளில் வங்கி தீர்வு தராவிடில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு எழுதலாம், கட்டணம் இல்லை. மேலே சொன்ன மூன்று வேலை நாள்கள், வங்கியின் செய்தி கிடைத்ததை வைத்தே எண்ணப்படுகின்றன. அந்தச் செய்தி என் தாயாரின் கைபேசிக்கு ஆங்கிலத்தில் வருகிறது. மாலையில் நான் கல்லூரியிலிருந்து வந்து சேர்ந்த பிறகுதான் அது வாசிக்கப்படுகிறது.