மலைமேல் வாசித்தவை – 9: கசாக்கிற்கு வந்த வாத்தியார்

விரக்தியுற்ற வாலிபனைக் கதாநாயகனாகக் கொண்ட நாவல்களுக்கு எந்தப் பாஷையிலும் பஞ்சமில்லை, ஆயினும், ஓ. வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாச’த்தில், கூமன்காவில் பஸ்ஸைவிட்டு இறங்கி, ஓராசிரியர் பள்ளியொன்றை நடத்துவதற்காகக் கசாக் என்னும் குக்கிராமத்தை நோக்கி நடக்கிற ரவியைப் போல, ஒரு நாட்டின் இளைஞர்களைத் தலைமுறை தலைமுறையாகத் தன் பின்னே அழைத்துச் சென்றவன் அபூர்வம். 1968-இல் மாத்ருபூமி வாரப் பதிப்பில் தொடராக வெளிவந்து, 1969-இல் நூலுருப் பெற்ற இந்நாவலை யூமா வாசுகியின் தமிழில் தேவிகுளத்தில் இருந்தபடி படித்தேன்.

மருத்துவரின் மகனான ரவி, தாம்பரத்தில் பௌதிகம் பயின்றவன். சிற்றன்னையோடு நேர்ந்துவிட்ட பாவத்தின் ஸ்மரணை துரத்த, படிப்பைத் துறந்து, ஆசிரமத்தில் ஒதுங்கி, அங்கும் நிலைகொள்ளாமல் கசாக்கிற்கு வந்து சேர்கிறான். போன இடத்தையெல்லாம் விட்டுப் புறப்பட அவனால் முடிகிறது. அவன் விஷாதத்தின் அழகே அதில்தான் இருக்கிறது. தேயிலைத் தோட்டங்களுள்ள எங்கள் தேவிகுளம் மலையிலோ, பணி ஓய்வு பெற்றதும் தோட்டத்தார் தந்த லயத்து வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பதனால், வீட்டைக் காப்பதற்கென்றே பெற்றோரின் வேலைக்குப் பிள்ளை போய் நிற்கிற வழக்கம் நெடுநாளாக உண்டு. திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போகிறவர்களும் வீட்டுக்குப் பணம் அனுப்பியாக வேண்டியவர்களே. அந்தப் பிள்ளைகளுக்கு வாழ்க்கை சலிப்பதில்லையா என்றால், நன்றாகவே சலிக்கிறது. சலித்தபின் எழுந்து போவதற்குத்தான் இடமில்லை. இதை நினைத்தபோது ரவியின் மீது எனக்குச் சற்றுக் கோபமே வந்தது.

ஆனால் கோபம் ரவியோடு நின்றுவிட வேண்டும். விஜயன் மீது பாயலாகாது. 1956-இல் அவருடைய சகோதரி சாந்தா, கசாக்கிற்கு முன்மாதிரியான, பாலக்காட்டை அடுத்த தஸ்ராக்கில் ஓராசிரியர் பள்ளிக்கு ஆசிரியையாகப் போனபோது உடன் சென்று தங்கிய விஜயன், அப்போது இடதுசாரி விசுவாசி. புரட்சி நாவல் எழுதும் எண்ணமும் அவருக்கு இருந்தது. ஹங்கேரியின் மக்கள் எழுச்சி சோவியத் படைகளால் நசுக்கப்பட்டு, அப்போது அந்நாட்டுப் பிரதமராயிருந்த இம்ரே நாகி 1958-இல் தூக்கிலிடப்பட்டதும் அந்த விசுவாசம் உலைந்துபோயிற்று. அதே 1958-இல்தான் தேவிகுளத்தில் இடைத்தேர்தல் நடந்தது. பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தோட்டந்தோட்டமாகப் பாட, கம்யூனிஸ்ட் வேட்பாளர் ரோசம்மா புன்னூஸ் வெற்றி பெற்றார். ஒரே ராஜ்யத்தில், ஒரே வருஷத்தில், பாலக்காட்டு எழுத்தாளரின் நெஞ்சில் சரிந்துகொண்டிருந்த நம்பிக்கைக்கு இந்த மலையில் மெட்டு அமைந்துகொண்டிருந்தது. பாடியவர்கள் ஏமாளிகள், சரிந்தவர் ஞானி என்று தீர்ப்பளிக்க நான் துணியமாட்டேன். கூலி உயர்வு வேண்டியவனுக்கு நாகியின் மரணம் எட்டியிருக்கவும் நியாயமில்லை.

விஜயன் சாமர்த்தியசாலி. தம்முடைய அரசியல் துக்கத்தை ரவியின் வாயில் வைக்காமல், அவனைச் சொந்தப் பாவத்தினால் உடைந்தவனாக்கிவிட்டார். பிரசங்கத்துக்கு ஆசைப்பட்டிருந்தால் நாவல் பத்தாண்டுகூடத் தாங்கியிராது. அதைவிடப் பெரிய சாமர்த்தியம், வந்தவனுடைய துயரத்தைக் காட்டிலும் ஊராருடைய துயரம் கனமாயிருக்கும்படி செய்தது. வைசூரி வந்து வரிசையாக உயிர்களைக் கொண்டுபோகிற அத்தியாயங்களில் ரவியின் தத்துவ விசாரம் எனக்கு நினைவிலேயே இல்லை. குர்ஆன் ஓதக் கற்பிக்கும் ஓத்துப்பள்ளி நடத்திய அல்லாப்பிச்சா மொல்லாக்கா, புதிய பள்ளிக்கூடத்தை எதிர்த்து நின்று தோற்று, முடிவில் அதே பள்ளிக்கூடத்தில் ஏவல் வேலைக்கு வந்து சேர்கிறாரே, அந்தக் கிழவரைப் பற்றி அடுத்த வாரம் விரிவாக எழுதுவேன்.