உப்பளக்கரைப் பூனையும் பச்சை மீனும்

மரக்காணம், எக்கியார்குப்பம், கூனிமேடு, அனுமந்தைன்னு ஈசிஆர் ஓரமா எந்தக் குப்பத்துக்குப் போனாலும் ஒரு காட்சி மாறாது. மீன் ஆயுற இடத்துல நாலு பூனை உட்கார்ந்திருக்கும். தலை, குடல், செவுள், வாலு எல்லாம் அதுங்களுக்குத்தான். யாரும் வேகவைச்சுப் போடறதில்லை. தலைமுறை தலைமுறையா இப்படித்தான் நடக்குது.

இப்போ நகரத்துல பூனை வளர்க்கிறவர்கள் மத்தியில் 'பச்சைக்கறி உணவு' ஒரு பெரிய பேச்சு. பாக்கெட் தீனி வேண்டாம், இயற்கை உணவு கொடுங்க என்கிறார்கள். அதுக்குச் சாட்சியா குப்பத்துப் பூனையைத்தான் காட்டுகிறார்கள். "அது பச்சை மீன் தின்னுட்டு நல்லாத்தானே இருக்கு?"

இந்தக் கேள்வியைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

குப்பத்துப் பூனை உண்மையில் என்ன தின்கிறது?

நாம் பார்ப்பது அது மீன் தின்பதை மட்டும்தான். ராத்திரி அது எலி பிடிக்கிறது. வலைக்கொட்டகையில் பல்லி, உப்பள வரப்பில் ஓணான், வெட்டுக்கிளி, அகப்பட்டால் ஒரு குருவி. முழு எலி என்பது ஒரு முழுச் சாப்பாடு: தசை, எலும்பு, ஈரல், இதயம், மூளை எல்லாம் சரியான அளவில் ஒரே பொட்டலமாக வந்துவிடுகிறது. மீனில் இல்லாததை எலி ஈடுகட்டுகிறது.

வீட்டுக்குள் அடைத்து வளர்க்கும் பூனைக்கு அந்த வழி கிடையாது. நாம் தட்டில் வைப்பது மட்டும்தான் அதன் உலகம். தட்டில் ஒன்று குறைந்தால் அது குறைந்ததுதான். இன்னொன்று, குப்பத்தில் நோய்ப்பட்ட பூனையை யாரும் கணக்கெடுப்பதில்லை. நம் கண்ணில் படுவது தப்பிப் பிழைத்த பூனைகள் மட்டுமே.

பூனை ஏன் நாய் மாதிரி இல்லை?

நாய் சோறு தின்று சமாளித்துக்கொள்ளும். பூனையின் உடம்பு அப்படி அமையவில்லை. கேரட்டில் இருக்கும் பீட்டா கரோட்டினை நம் உடம்பு வைட்டமின் ஏ-வாக மாற்றும், பூனையால் முடியாது. ஈரலில் இருந்து நேராகக் கிடைக்க வேண்டும். டாரின் என்ற சத்தையும் போதிய அளவு தானே தயாரிக்காது. இனிப்புச் சுவைகூட அதுக்குத் தெரியாது, அதற்கான மரபணு வேலை செய்வதில்லை. தயிர் சாதத்தை அது நக்குவது தயிரின் கொழுப்புக்கும் புரதத்துக்கும்தான்.

டாரின் கதை முக்கியமானது. 1932 முதல் 1942 வரை கலிஃபோர்னியாவில் ஃபிரான்சிஸ் பாட்டெஞ்சர் என்ற மருத்துவர் சுமார் 900 பூனைகளை வைத்துப் பரிசோதனை செய்தார். பச்சைக்கறி தின்றவை நன்றாக இருந்தன, சமைத்த கறி தின்றவை தலைமுறைக்குத் தலைமுறை நலிந்தன என்று எழுதினார். பச்சைக்கறிக்காரர்கள் இன்றும் பிடித்துக்கொண்டிருக்கும் ஆதாரம் இதுதான். ஆனால் பூனைக்கு டாரின் அவசியம் என்பதே அவர் காலத்தில் தெரியாது. 1975-ல்தான் டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்று கண்டார்கள். 1987-ல் பால் பியான் குழுவினர், இதயம் வீங்கி பலவீனமான பூனைகளுக்கு டாரின் கொடுத்ததும் இதயம் தேறியதைக் காட்டினார்கள். அந்தப் பூனைகள் தின்றது கடைத் தீனி! அதன் பிறகு கம்பெனிகள் டாரினைக் கூட்டின, அந்த நோயும் அரிதானது.

ஆக, இயற்கையா செயற்கையா என்பது இங்கே கேள்வியே இல்லை. சத்து போய்ச் சேர்ந்ததா இல்லையா, அவ்வளவுதான். சமைத்தால் டாரின் பெரும்பாலும் எரிந்து போவதில்லை, வெந்த தண்ணீரில் இறங்கிவிடுகிறது. நாம் அந்தத் தண்ணியைக் கீழே கொட்டிவிடுகிறோம்.

பச்சை மீனில் என்ன சிக்கல்?

1932-ல் அமெரிக்காவின் மினசோட்டாவில், சாஸ்டெக் என்பவரின் நரிப்பண்ணையில் நரிகள் தீனியை ஒதுக்கின, தள்ளாடின, முடங்கிச் செத்தன. தீனியில் பச்சைக் கெண்டை மீன் கலந்திருந்தது. தயாமினேஸ் என்ற நொதி சில மீன்களில் உண்டு, அது பி1 வைட்டமினைத் தின்றுவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது. கெண்டை, மத்தி, நெத்திலி குடும்பங்களில் பல இனங்களிலும், மட்டி வகைகளிலும் இந்த நொதி இருக்கிறது. குடலிலும் உள்ளுறுப்புகளிலும் அதிகம். அதாவது நாம் பூனைக்கென்று ஒதுக்கும் பாகத்தில்தான்.

நல்ல சேதி, வேகவைத்தால் இந்த நொதி செயலிழந்துவிடும். ஃப்ரீசரில் வைத்தால் செயலிழக்காது.

பி1 குறைந்த பூனையை அடையாளம் காணத் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் சாப்பிடாது. பிறகு நடை தள்ளாடும், கண்மணி விரிந்தே இருக்கும். தலை நெஞ்சை நோக்கித் தொங்கிவிடும், நிமிர்த்த முடியாது. அடுத்தது வலிப்பு. இந்த நிலையிலும் சரியான நேரத்தில் பி1 ஊசி போட்டால் பல பூனைகள் ஓரிரு நாளில் எழுந்துவிடும். விட்டால் போய்விடும். மருத்துவரிடம் "பச்சை மீன்தான் கொடுத்தோம்" என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், அதுவே பாதி வைத்தியம்.

எலும்பில்லாத கறியில் என்ன குறை?

கால்சியம். வெறும் தசைக்கறியில் கால்சியம் ஒரு பங்கு என்றால் பாஸ்பரஸ் பதினைந்து, இருபது பங்கு. பூனைக்கு இரண்டும் கிட்டத்தட்ட சமமாக வேண்டும். கறி மட்டுமே தின்னும் குட்டி தன் எலும்பில் இருந்தே கால்சியத்தை எடுக்கும். சோபாவில் இருந்து குதித்ததும் கால் உடையும். அதுக்காக வெந்த கோழி எலும்பைப் போடாதீங்க, சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும்.

கிருமி வரும் வழி

பச்சைக்கறியில் சால்மோனெல்லா இருந்தால் பூனை தாங்கிக்கொள்ளலாம், அதன் தட்டைக் கழுவுகிற பாட்டிக்கும் தவழுகிற குழந்தைக்கும் அது லேசான விஷயமில்லை. பச்சை ஆட்டுக்கறியில் டாக்ஸோபிளாஸ்மா இருக்கலாம். வீட்டில் கர்ப்பிணி இருந்தால் பூனையின் மலத்தை அவர் அள்ளவே கூடாது. மற்றவர்கள் அன்றன்றைக்கே அள்ளிவிட வேண்டும், ஏனென்றால் மலத்தில் வரும் முட்டைகள் தொற்றும் நிலைக்கு வர ஒன்று முதல் ஐந்து நாள் ஆகும்.

பறவைக் காய்ச்சலும் சேர்ந்துவிட்டது. 2004 அக்டோபரில் தாய்லாந்தின் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் பச்சைக் கோழி தின்ற புலிகளுக்கு எச்5என்1 வந்து, 441-ல் 147 புலிகள் செத்தன அல்லது கொல்லப்பட்டன. 2024 டிசம்பரில் நாக்பூர் கோரேவாடா மையத்தில் மூன்று புலிகளும் ஒரு சிறுத்தையும் இதே வைரஸால் இறந்தன. புலியை விழுத்துவது பூனையை விடாது. உறைய வைப்பதால் இந்த வைரஸ் சாவதில்லை. வேகவைத்தால் சாகும்.

இந்தக் கரைக்கென்று இன்னொரு சங்கடம், கரண்ட். 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்தில் கரையைக் கடந்தபோது பட்டபாடு இங்கே யாருக்கும் மறந்திருக்காது. நிறைந்த ஃப்ரீசர் கதவைத் திறக்காமல் வைத்தால் இரண்டு நாள் தாங்கும், பாதி காலியென்றால் ஒரு நாள். இளகி, சூடேறி, மறுபடி உறைந்த கறியைப் பூனைக்குப் போடுவது என்ற பேச்சே வேண்டாம்.

சரி, வீட்டிலேயே செய்யணும்னா?

லேசாக வேகவைத்து, தண்ணியையும் சேர்த்துக் கொடுப்பது என் சிபாரிசு. இட்லிப் பானையில் கிண்ணத்தோடு வைத்தால் சாறு கிண்ணத்திலேயே தங்கும்.

- எலும்பில்லாத கோழித் தொடைக்கறி 1 கிலோ. நெஞ்சுக்கறி வேண்டாம். 100 கிராம் தொடைக்கறியில் சுமார் 170 மில்லிகிராம் டாரின் உண்டு, நெஞ்சுக்கறியில் 20-க்கும் கீழே.
- ஈரல் 50 கிராம், அதுக்கு மேல் வேண்டாம். தினமும் நிறைய ஈரல் தின்றால் வைட்டமின் ஏ மிகுந்து கழுத்தெலும்பு ஒட்டிப்போகும்.
- கழுவி, வேகவைத்து, காயவைத்து மாவாக அரைத்த முட்டை ஓடு, தட்டிய ஒரு டீஸ்பூன், சுமார் 5 கிராம்.
- ஆறிய பிறகு டாரின் தூள் 1 முதல் 2 கிராம். பி காம்ப்ளெக்ஸ், வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் அளவில்.
- ஒரு சிட்டிகை அயோடின் உப்பு. உப்பளத்தில் வாரிய கல்லுப்பில் அயோடின் மிகக் குறைவு. 2006 முதல் அயோடின் சேர்க்காத உப்பை மனிதர் சாப்பிட விற்கத் தடை இருப்பதும் அதனால்தான்.
- வெங்காயம், பூண்டு கூடவே கூடாது. பூனையின் ரத்தச் சிவப்பணுக்களை உடைத்துவிடும். மீன்குழம்புச் சோறும் இதில் அடக்கம். கருவாடும் வேண்டாம், உப்பு மிக அதிகம்.

நாலு கிலோ பூனைக்கு ஒரு நாளைக்கு 120 முதல் 160 கிராம் போதும், இரண்டு மூன்று வேளையாக. மீன் வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை, வேகவைத்து.

இதுவும் முழுமையான கணக்கு இல்லை. துத்தநாகம், மாங்கனீசு போன்றவை இன்னும் பாக்கி இருக்கு. 2019-ல் கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பூனைக்கு வீட்டில் செய்யும் 114 சமையல் குறிப்புகளைச் சோதித்தார்கள். அதில் மருத்துவர்கள் எழுதியவையும் இருந்தன. ஒன்றுகூட எல்லாச் சத்தையும் தரவில்லை. அதனால் வாரத்தில் சில நாள் வீட்டுக்கறி, மற்ற நாள் நல்ல பாக்கெட் தீனி என்று பிரித்துக்கொள்வது பெரும்பாலான வீடுகளுக்குச் சரியாக வரும். முழுக்க வீட்டுச் சாப்பாடுதான் என்றால், புதுச்சேரி குரும்பாப்பேட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, மரக்காணத்தில் இருந்து பஸ் பிடித்தால் போய்விடலாம். என்ன கொடுக்கிறீர்கள் என்று எடையோடு எழுதிக்கொண்டு போங்கள். "கொஞ்சம் கறி, கொஞ்சம் மீன்" என்று சொன்னால் எந்த மருத்துவரும் கணக்குப் போட முடியாது.