ஆற்றுச் சீட்டில் பிறந்த ஜொகூர்



அமெரிக்காவில் காட்டை அழித்து ஊர் கட்டியவர்களின் கதையைச் சினிமாவில் எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். அதே மாதிரி ஒரு கதை நம் காலடியிலேயே, ஜொகூரில் நடந்திருக்கிறது. அதை நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஜொகூர் பாரு 1855இல் தெமெங்கோங் இப்ராகிம் தோற்றுவித்த ஊர் என்று படித்திருப்போம். அப்போது அதன் பெயர் தஞ்சோங் புத்ரி. 1866இல் அபு பாக்கார் காலத்தில்தான் ஜொகூர் பாரு ஆனது. ஆனால் காட்டுக்குள் குடியேற்றம் அதற்கு முன்பே, 1844இலேயே தொடங்கிவிட்டது. தொடக்கி வைத்தது கத்தியோ துப்பாக்கியோ அல்ல, ஒரு காகிதம்! அதன் பெயர் சூராட் சுங்கை. தமிழில் ஆற்றுச் சீட்டு என்று சொல்லலாம்.

அன்று சாலை ஏது? ஆறுதான் வழி. ஒரு ஆற்றின் கரையைத் திருத்திப் பயிர் செய்யும் உரிமையைத் தெமெங்கோங் சீட்டாக எழுதிக் கொடுப்பார். அதைப் பெற்ற சீனத் தலைவருக்குக் காங்சூ என்று பெயர். அவர் ஆற்றங்கரையில் அமைக்கும் ஊர் காங்கார். தெப்ராவ் ஆற்றில் டான் கீ சூன் அமைத்த காங்கார் இவற்றில் பெயர்பெற்றது. இன்றும் காங்கார் பூலாய் என்று ஊர்ப் பெயர் இருக்கிறதே, அது இந்த வழியில் வந்ததுதான். சிங்கப்பூரின் சுவா சூ காங், லிம் சூ காங் எல்லாம் இதே குடும்பத்துப் பெயர்கள்.

என்ன பயிர்? கம்பீரும் மிளகும். கம்பீர் என்பது நம் காசுக்கட்டி மாதிரி வெற்றிலையோடு மெல்லுவது. தோல் பதனிடவும் வேண்டும் என்பதால் ஐரோப்பாவில் நல்ல விலை. இலையைப் பெரிய இரும்புக் கொப்பரையில் மணிக்கணக்கில் வேகவைத்து, சாற்றைச் சுண்டக் காய்ச்சி, இறுகியதும் கட்டிகளாக அறுப்பார்கள். வெந்த சக்கை மிளகுக் கொடிக்கு உரம். கெட்டிக்கார ஏற்பாடுதான். ஆனால் அடுப்புக்கு விறகு வேண்டுமே? தோட்டத்தின் அளவுக்கு இன்னொரு காடு வேண்டும். சுமார் 15 ஆண்டுகளில் மண் சத்திழந்துவிடும். அடுத்த காட்டுக்குப் போக வேண்டியதுதான். சிங்கப்பூர் மண் அப்படித்தான் ஓய்ந்தது. பிறகு ஜொகூர்.

உழைத்த கூலிக்கு என்ன மிஞ்சியது? இங்கேதான் கவனிக்க வேண்டும். அபின், சாராயம், சூதாட்டம், பன்றி இறைச்சி, அடகுக் கடை எல்லாம் காங்சூவின் கையில். பயிர்க்காரர் சிங்கப்பூர் தவுக்கேயிடம் முன்பணம் வாங்கியிருப்பார். விளைச்சலை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே விற்க வேண்டும். பகலில் கூலியாகக் கிடைத்தது இரவில் அபினாகப் போனது. அரசுக்கும் வருமானம் அந்த அபின் குத்தகையில்தான். யாரையும் சங்கிலியால் கட்டவில்லை, கடனே கட்டிப்போட்டது.

இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது கம்பீர் விலை சரிந்தது, ரப்பர் எழுந்தது. 1909இல் ரயில் பாதை ஜொகூர் பாருவை எட்டியது. ஆறுகளின் மவுசு போயிற்று. 1917இல் காங்சூ முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

நம்மவர் கதை இந்த இடத்தில்தான் சேர்கிறது. தண்டவாளம் போட்டதிலும், கங்காணி அழைத்து வர ரப்பர் காட்டில் இறங்கியதிலும் தமிழர் கை உண்டு. கூலாய், லாயாங் லாயாங், ரெங்கம், குளுவாங் என்று தோட்டங்கள் பெருகின. இங்கேயும் காகிதம் இருந்தது. ஆனால் அது கம்பெனியின் பெயரில் இருந்தது. லயத்து வீட்டில் பிறந்து, அங்கேயே பேரன் பேத்தி எடுத்தவர்களுக்கு அந்த வீட்டின் மேல் ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. வேலை இருக்கும்வரைதான் வீடு.

1980களுக்குப் பிறகு ஜொகூர் பாருவைச் சுற்றி எத்தனையோ தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. மண்வாரி இயந்திரம் வந்தபோது பலர் கோயிலையும் பள்ளியையும் எங்கே கொண்டுபோவது என்று கலங்கினார்கள். காங்காருக்காவது ஊர்ப் பெயர் மிஞ்சியது. உங்கள் வீட்டுப் பெட்டியில் தோட்டத்துச் சம்பளச் சீட்டோ, பழைய பள்ளிச் சான்றிதழோ கிடந்தால், தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.